மச்சாளுக்குக் கொடுத்த பிரதி

எனக்கு மச்சாளில் எரிச்சல். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு சொன்னால் நியாயம் தேடுகிறாள் என்பீர்கள்.

மச்சாள் என்றால் என் மாமாவின் மகள். அவளுக்கும் எனக்கும் இரண்டு மாத வித்தியாசம்தான். புளியங்குளத்தில் அவர்கள் வளவுக்கும் எங்கள் வளவுக்கும் நடுவில் ஒரு வேலி. பள்ளிக்கூடத்தில் அவள் பாட்டுப் போட்டிக்குப் போனால் நான் பேச்சுப் போட்டிக்குப் போவேன். அவளுக்குக் கப் கிடைக்கும், எனக்குச் சான்றிதழ் கிடைக்கும். மாமி அந்தக் கப்பைத் துடைத்துத் துடைத்து வைப்பதை வேலிக்கு இந்தப் பக்கம் நின்று எத்தனை நாள் பார்த்திருப்பேன். சான்றிதழை யார் துடைப்பது?

படிப்பு முடிந்ததும் அவள் கொழும்புக்குப் போனாள். நான் கிளிநொச்சியில் வேலைக்குச் சேர்ந்தேன். ஓர் இரும்புக்கடைக்கு மேல்மாடியில் எங்கள் ஒஃபிஸ். ஐந்து பேர், ஒரு குளிரூட்டி, அதுவும் பாதி நாள் வேலை செய்யாது. முதலாளியை எல்லோரும் அண்ணை என்போம். அங்கே இருந்து மூன்று வருடமாக ஒரே ஒரு புறோகிராமை எழுதினேன். ஒரு வாய்க்காலில் தண்ணீர் திறந்தால் எந்த வயலின் மடையை எந்த நாளில் எத்தனை மணிக்குத் திறக்க வேண்டும், எத்தனை மணிக்கு அடைக்க வேண்டும் என்று கணக்கிட்டு, செய்கைக்காரரின் போனுக்கு மெசேஜ் அனுப்புகிற புறோகிராம். நாங்கள் அதை எஞ்சின் என்போம்.

அதை சி பிளஸ் பிளஸ் மொழியில் எழுதினேன். அது லேசான மொழி இல்லை. எழுதியதை முதலில் கொம்பைல் பண்ண வேண்டும், அதாவது முழுவதையும் கணினியின் பாஷைக்கு மாற்றி இறுக்கிவிட வேண்டும். ஒரு புள்ளி பிசகினாலும் மாறமாட்டேன் என்று அடம்பிடிக்கும். ஆனால் மாறிவிட்டால், அந்த வேகத்துக்குக் கிட்ட ஒன்றும் நிற்காது. நூற்றுக்கணக்கான வயல்களின் தண்ணீர் முறையைக் கண்ணை மூடித் திறப்பதற்குள் போட்டுத் தரும். அது போட்டுத் தருவதைப் பார்க்கத்தான் ஆள் இல்லை. கறுப்புத் திரையில் வெள்ளை எண்கள் ஓடினால் யார் பார்ப்பார்கள்?

அப்போதுதான் மச்சாள் கொழும்பிலிருந்து திரும்பி வந்தாள். அண்ணை அவளை வேலைக்கு எடுத்தார். என்னைக் கேட்டுவிட்டுத்தான் எடுத்தார், அதையும் சொல்லத்தான் வேண்டும். "உம்மட மச்சாளெண்டு அவா சொன்னா, கெட்டிக்காரியோ?" என்று கேட்டார். "ஓம், கெட்டிக்காரி" என்றேன். வேறு என்ன சொல்ல? பொய் சொல்லவும் வரவில்லை.

அவள் எழுதுவது பைதன். கொம்பைல் பண்ணி இறுக்கும் வேலை அதில் இல்லை. எழுதியபடியே ஓடும், பிழை வந்தால் அந்த இடத்திலேயே திருத்தலாம். மூன்று மாதத்தில் அவள் ஒரு திரை செய்தாள். வாய்க்கால் நீலம், வயல் பச்சை, தட்டினால் வயலுக்குரியவரின் பெயர் தமிழில் வரும். வயற்காரர் சேர்ந்த கமக்காரர் அமைப்பின் தலைவர் ஒஃபிசுக்கு வந்து அதைப் பார்த்துவிட்டுக் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"பிள்ளை, இது நல்ல வடிவா விளங்குது. முந்தி ஒண்டு காட்டினவை, தலையும் விளங்கேல்ல வாலும் விளங்கேல்ல."

முந்திக் காட்டியது நான். இரண்டு மேசை தள்ளி நான் இருந்தேன். அவள் திரையில் தெரிந்த ஒவ்வொரு எண்ணும் என் எஞ்சின் போட்டது. அவள் தட்டினாள், நான் உழுதேன். அவளுக்குத் தேத்தண்ணி வந்தது, பிஸ்கட்டோடு.

பிறகு பஸ்ஸிலும் அதே கதைதான். காலையில் இருவரும் புளியங்குளத்தில் ஒரே பஸ்ஸில் ஏறுவோம். மாங்குளம் தாண்டினால் யாராவது ஒருவர் அவளை அடையாளம் கண்டு, "இஞ்ச இரும் பிள்ளை" என்று இடம் விடுவார். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு கிளிநொச்சி வரை நிற்பேன். வீட்டில் அம்மா வேறு. "அவளைப் பார், வந்து நாலு மாசம் ஆகேல்ல, ஊர் முழுக்க அவளின்ர கதைதான். நீயும் இருக்கிறாய், சுவரைப் பாத்துக்கொண்டு." என் கணினி சுவர்ப் பக்கம் பார்த்து இருந்ததை அம்மாவுக்கு யார் சொன்னது? மச்சாள்தான் சொல்லியிருப்பாள். ஒரு கெட்ட எண்ணத்தோடும் சொல்லியிருக்கமாட்டாள். அதுவே எனக்கு இன்னும் எரிந்தது.

அண்ணை என்னைக் கூப்பிட்டார். "உம்மட எஞ்சினை அவாவின்ர பைதனோட சரியாப் பொருத்திக் குடும். இனி எல்லாம் அவாவின்ர திரையால போகட்டும்."

நடந்தது எல்லாம் இந்தப் பொருத்தலில்தான், அதனால் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். கணினிக்கு எண் தெரியும், எழுத்துத் தெரியும். வயல் தெரியாது. என் எஞ்சினுக்குள் வயல் என்று ஒரு வகையை நான்தான் உண்டாக்கி வைத்திருந்தேன். கிளாஸ் என்பார்கள். ஒவ்வொரு வயலுக்கும் அதன் இலக்கம், விஸ்தீரணம், மடை, இந்தப் போகம் செய்பவர் யார், அவருடைய போன் இலக்கம், எல்லாம் சேர்ந்த ஒரு பொருள். எண்ணையோ எழுத்தையோ பைதனுக்குக் கொடுப்பது சுலபம், அதற்கு அவை முதலே தெரியும். நான் உண்டாக்கிய வயலைக் கொடுக்க வேண்டுமென்றால், நடுவில் ஒரு கோப்பு எழுதி, இதுதான் வயல், இதற்குள் இன்னது இருக்கிறது என்று பைதனுக்கு அறிமுகப்படுத்த வேண்டும். எந்த விதமாகக் கொடுக்கிறோம் என்பதையும் அதிலேயே சொல்ல வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே வயலைச் சேர்த்துப் பிடித்திருக்கும்படி கொடுக்கலாம். அல்லது ஒரு பிரதியை எடுத்து நீட்டிவிடலாம். பிரதி என்றால் அடையாள அட்டையின் போட்டோக் கொப்பி மாதிரி. அதில் உங்கள் விலாசத்தை வெட்டி எழுதினால் கொப்பியில் மட்டும்தான் மாறும்.

நான் பிரதி என்று எழுதினேன்.

அதற்குக் காரணமும் வைத்திருந்தேன். என் பக்கத்தில் அழித்துவிட்ட ஒரு வயலை அவள் பக்கம் தொட்டால் புறோகிராம் முழுவதும் விழுந்துவிடும், அதனால் பிரதிதான் பாதுகாப்பு என்று யார் கேட்டாலும் சொல்லியிருப்பேன். அது உண்மைதான். ஆனால் சேர்த்துப் பிடிக்கும்படி எழுதினாலும் அந்த ஆபத்து இல்லை, அரை நாள் கூடுதல் வேலை, அவ்வளவுதான். அதுவும் எனக்குத் தெரியும். மூன்று வருடமாக நான் உண்டாக்கிய வயலில் அவள் கை வைக்கக் கூடாது, அதுதான் காரணம்.

பிரதியில் செய்த மாற்றத்தைத் திரும்ப எஞ்சினுக்குள் எழுதுவதற்கு ஒரு வழியும் வைத்தேன். அந்தக் கட்டளையைக் கூப்பிட்டால் மாற்றம் உள்ளே போகும். அவளுக்காக இரண்டு பக்கக் குறிப்பு எழுதினேன். எல்லாக் கட்டளைகளும் அதில் இருந்தன, அது ஒன்றைத் தவிர. அவள் இடறுவாள், என்னிடம் வருவாள், "மச்சாள், எனக்கு விளங்கேல்ல" என்பாள் என்று நினைத்தேன். எனக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு வசனம். சத்தியமாக, வேறு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை.

அவள் இடறவில்லை. சோதித்துப் பார்த்தோம், எல்லாம் சரியாக ஓடியது. மழைக்காலத்துக் காலபோகத்தில் வயற்காரரும் செய்பவரும் ஒருவரே, மாற்றுவதற்கு ஒன்றும் இல்லை. பிறகு வந்தது கோடைச் சிறுபோகம்.

சிறுபோகத்தில் குளத்துத் தண்ணீர் எல்லா வயலுக்கும் காணாது. அதனால் வாய்க்காலின் மேல்பக்க வயல்களை மட்டும் விதைப்பார்கள். அதற்காகக் கீழ்ப்பக்கத்தார் வெறுங்கையோடு இருப்பதில்லை, மேல்பக்க வயலிலேயே அவர்களுக்குப் பங்கு உண்டு. மூன்று ஏக்கர்காரர் ஒரு ஏக்கரைத் தான் வைத்துக்கொண்டு, மற்ற இரண்டையும் அந்த ஒரு போகத்துக்கு மட்டும் கீழ்ப்பக்கத்து இரண்டு பேருக்கு விடுவார். வெட்டு முடிந்ததும் நிலம் திரும்ப அவருடையது. யாருடைய நிலத்தில் யாருக்குப் பங்கு என்பது கூட்டத்தில் முடிவாகும். சத்தம் போட்டு, எழும்பிப் போய், திரும்பி வந்து, ஒருவாறு முடிவாகும்.

அந்தக் கூட்டத்தில் மச்சாள் முன்னால் இருந்தாள். ஒவ்வொரு பங்கும் முடிவாக, அந்த வயலைத் தட்டிச் செய்பவரின் பெயரை மாற்றினாள். சுவரில் திரையாகக் கட்டியிருந்த வெள்ளைச் சேலையில் பெயர் விழுந்தது. சனம் கை தட்டியது. நான் பின்வரிசையில் இருந்தேன். அந்தப் பெயர்கள் எல்லாம் பிரதியில்தான் விழுகின்றன, எஞ்சினுக்குள் ஒன்றும் போகவில்லை என்று எனக்குத் தெரியும். அந்த மண்டபத்தில் அது தெரிந்த ஒரே ஆள் நான்தான்.

மறந்துவிட்டேன் என்று சொல்லலாம். மறக்கவில்லை. முதல் முறைக்கான மெசேஜ் போன காலையில் பட்டியலைத் திறந்து பார்த்தேன். பங்குக்காரரின் முறை எல்லாம் நிலத்துச் சொந்தக்காரரின் போனுக்கே போயிருந்தது. இனி மெசேஜ் வரவில்லை என்று யாராவது போன் எடுப்பார்கள், அவள் முழிப்பாள், என்னிடம் வருவாள் என்று காத்திருந்தேன். ஒருவரும் எடுக்கவில்லை. பங்குக்காரரில் அநேகம் பேர் வாய்க்காலுக்குக் கிட்ட இருப்பவர்கள், தண்ணீரைக் கண்டதும் மண்வெட்டியோடு போய்விட்டார்கள். பயிர் வளர்ந்த நாளில் இடையிடையே மழையும் பெய்தது. சரி, ஒருவருக்கும் பாதிப்பில்லைத்தானே என்று நானும் இருந்துவிட்டேன். பிறகு நிலத்தைக் காய வைக்கும் சோளகக் காற்றுத் தொடங்கியது.

ஒரு நாள் பத்து மணியளவில் ஓர் அக்கா படியேறி வந்தார். விசுவமடுவிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தவர். கையில் வேரோடு பிடுங்கிய ஒரு பிடி நெற்பயிர். இலை சுருண்டு நுனி வெளிறியிருந்தது. கதிர் இன்னும் தண்டுக்குள் இருக்கிற குடலைப் பருவம், தண்ணீர் தப்பவே கூடாத நேரம். அந்தப் பிடியைக் கொண்டுபோய் மச்சாளின் மேசையில் வைத்தார். அவருக்குத் தெரிந்த முகம் அவளுடையதுதான்.

"மெசேஜ் வருமெண்டு சொன்னியள். நான் போனைக் கையில வைச்சுக்கொண்டு இருந்தனான், பிள்ளை. மழை நிண்ட பிறகு இரண்டு முறைத் தண்ணி போயிட்டுது. எனக்கு ஒண்டும் வரேல்ல. எனக்கு இந்த ஒரு ஏக்கர்தான்."

மச்சாள் நிலத்துச் சொந்தக்காரருக்குப் போன் எடுத்தாள். அவர் பாவம், உள்ளதைச் சொன்னார். மூன்று ஏக்கருக்கும் தனக்கே மெசேஜ் வந்தது, அவர்களுக்கும் வந்திருக்கும் என்று நினைத்துத் தன் ஒரு ஏக்கருக்குப் பாய்ச்சிவிட்டு மடையை அடைத்தாராம். மற்றப் பங்குக்காரருக்குப் பக்கத்தில்தான் வீடு, வந்து திறந்துகொண்டார். விசுவமடுவில் இருப்பவருக்கு வாய்க்காலில் தண்ணீர் ஓடுவது எப்படித் தெரியும்?

அண்ணை மச்சாளை எல்லோர் முன்னும் ஏசினார். "திரை உம்மட, பெயர் மாத்தினது நீர். என்னத்தை மாத்தினீர்?" அவள் தன் திரையைத் திறந்து காட்டினாள். அந்த அக்காவின் பெயர் அந்த ஏக்கரில் சரியாக இருந்தது. திரும்பத் திரும்ப அதையே தட்டினாள். எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. ஆம், குளிர்ந்தது, பொய் சொல்ல மாட்டேன். அந்த அக்கா பக்கத்தில் நின்று முந்தானையால் முகம் துடைத்துக்கொண்டிருக்க, எனக்கு ஐந்து நிமிடம் நல்ல சந்தோஷமாக இருந்தது.

மத்தியானம் மச்சாள் என் மேசைக்கு வந்தாள். சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்காமலே கையில் வைத்திருந்தாள்.

"மச்சாள், எனக்கு விளங்கேல்ல. ஒருக்காப் பாரும்."

மாதக்கணக்காக நான் காத்திருந்த வசனம் அது. "பாப்பம், கையில வேலையொண்டு கிடக்கு" என்று சொல்லி ஒரு மணித்தியாலம் அவளைக் காக்க வைத்தேன். பிறகு பிரதி என்ற சொல்லை எடுத்துவிட்டு, இரண்டு பக்கமும் ஒரே வயலைச் சேர்த்துப் பிடிக்கும்படி எழுதினேன். பின்னேரம் முடிந்துவிட்டது. அவள் பெயரை மாற்றினாள், எஞ்சினிலும் மாறியது. "நடுவில கொஞ்சம் பிசகியிருந்தது" என்று மட்டும் சொன்னேன். யார் பிசகினார்கள் என்று அவள் கேட்கவில்லை.

அண்ணை கமக்காரர் தலைவரைக் கூப்பிட்டு, "இவாதான் கண்டுபிடிச்சவா" என்று என்னைக் காட்டினார். தலைவர் என் பக்கம் கதிரையைத் திருப்பி உட்கார்ந்தார். தேத்தண்ணி வந்தது. பிஸ்கட்டும் வந்தது. மச்சாள் எல்லோருக்கும் கேட்க, "மச்சாள் இல்லாட்டி நான் துலைஞ்சன்" என்றாள். நான் பிஸ்கட்டைத் தேத்தண்ணியில் தோய்த்துச் சாப்பிட்டேன்.

அதோடு என் எரிச்சல் ஆறியிருக்க வேண்டும். எங்கே ஆறியது! மச்சாள் வேலை முடிய நேரே அந்த வயலுக்குப் போய்விட்டாள். சொந்தக்காரரிடம் கெஞ்சி, அவருடைய முறைத் தண்ணீரில் பாதியை அந்த அக்காவுக்கு வாங்கிக் கொடுத்தாள். அடுத்த நாளும் போனாள். செருப்பில் சேற்றோடு ஒஃபிசுக்கு வந்தாள். பஸ்ஸில் யாரோ, "பிழை விட்டாலும் ஓடி வந்து நிக்குது பிள்ளை" என்றார்கள். பிழை கண்டுபிடித்த என்னை அவர்களுக்குத் தெரியவில்லை. பிழை விட்டவளுக்கு இடம் விட்டார்கள். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று பல்லை நெரித்தேன்.

ஒரு காலை பஸ்ஸில் இருவருக்கும் சேர்ந்து இடம் கிடைத்தது. அவள் யன்னலைப் பார்த்தபடி, "நான் வேலையை விடப்போறன்" என்றாள்.

"ஏன், உமக்கென்ன விசரே?"

"என்ர பக்கம் எங்க பிழையெண்டு எனக்கு இன்னும் தெரியேல்ல, மச்சாள். தெரியாம எப்பிடித் திருப்பி வேலை செய்யிறது? நாளைக்கு இன்னொரு ஆளின்ர வயல் காயும். நான் இந்த வேலைக்குச் சரியில்லை."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் நான் சமாதானம் சொல்லித் தப்பியிருப்பேன். பஸ் முறிகண்டிக் கோயிலடியில் நின்று, சனம் இறங்கிக் கும்பிட்டுத் திரும்ப ஏறும் வரை யோசித்தேன். பிறகு சொன்னேன். பிரதி என்று எழுதியதை, குறிப்பில் விட்டதை, கூட்டத்தில் பார்த்துக்கொண்டு இருந்ததை, முதல் பட்டியலைத் திறந்து பார்த்துவிட்டு மூடியதை. எல்லாம் சொன்னேன். "உம்மில எனக்கு எரிச்சல்" என்றும் சொன்னேன்.

கிளிநொச்சி வந்தது. இறங்கியதும் அவள் ஒஃபிஸ் பக்கம் திரும்பாமல் ஓட்டோ ஒன்றை மறித்தாள்.

"இண்டைக்கு அவாவின்ர முறை. வயலிலதான் நிப்பா. ஏறும்."

"முதல் அண்ணைட்டச் சொல்லுவம், மச்சாள்."

"அண்ணையின்ர வயலே காஞ்சது? ஏறும்."

வாய்க்கால் வழியே போய், வரம்பில் இறங்கி நடந்தோம். ஏக்கரின் மேல்பாதி பரவாயில்லை, பச்சை திரும்பியிருந்தது. கீழ்ப்பாதியில் கதிர் வெளியே வந்திருந்தது, ஆனால் வெள்ளையாக, நிமிர்ந்தபடி. நெல் பிடித்தால் கதிர் தலை சாயும். இது அத்தனையும் சப்பி, வெறும் பதர். அந்த அக்கா மடையில் மண்வெட்டியோடு நின்றார். மச்சாளைக் கண்டதும் சிரித்தார். மச்சாள் சிரிக்கவில்லை. "இவா உங்களோட கதைக்கோணுமாம்" என்று சொல்லிவிட்டு வரம்பில் ஒதுங்கி நின்றாள்.

எஞ்சின், கிளாஸ், பிரதி, பைதன் எல்லாம் என் வாயில் வந்தன. அங்கே நின்று அவருக்கு விளங்காத அந்தச் சொற்களுக்குள் ஒளிந்தால் அது வேறு ஒரு களவு. அதனால் நேராகவே சொன்னேன்.

"அக்கா, உங்களுக்கு மெசேஜ் வராமப் போனது இவாவின்ர பிழையில்லை. நான்தான். வராதெண்டு தெரிஞ்சும் சொல்லாம விட்டனான்."

"ஏன் பிள்ளை? நான் உங்களை ஆரெண்டுகூட அறியேனே."

"உங்களில ஒண்டுமில்லை, அக்கா. இவாவில எரிச்சலில செய்தனான்."

அவர் மச்சாளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். திரும்பி அந்த வெள்ளைக் கதிர்களைப் பார்த்தார். ஏசுவார் என்று நினைத்தேன், மண்வெட்டியை ஓங்கினாலும் நிற்பது என்றுதான் நின்றேன். அவருடைய குரல் உயரவேயில்லை.

"இவாவில எரிச்சலெண்டா இவாவோடயெல்லோ கொழுவிச் சண்டை பிடிச்சிருக்கோணும், பிள்ளை. என்ர வயல் உங்களுக்கு என்ன செய்தது?"